அதிர்ச்சி நினைவா, வடுநினைவா?

> கொடிய சம்பவமொன்று மனதில் விட்டுச்செல்லும் ‘ட்ரோமாட்டிக் மெமரி’க்கு, எங்கள் கைந்நூலில் ‘அதிர்ச்சி நினைவு’ என்ற தமிழ்ச் சொல் போதும். மற்றத் துயர நினைவுகளை விடக் கொஞ்சம் கடுமை, அவ்வளவுதானே?

அக்கா, வணக்கம். மேலே நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது.

கடுமையில் மட்டும் வித்தியாசம் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். தாயின் செத்தவீட்டை நினைப்பவர் விம்மி அழுவார். ஆனாலும் எந்த வருடம், யார் வந்தார்கள், பிறகு என்ன நடந்தது என்று கோவையாகச் சொல்வார். அது முடிந்துபோனது என்று அவருக்குத் தெரியும். குண்டுவெடிப்பில் தப்பிய ஒருவருக்கோ கொழும்பு கொட்டாஞ்சேனையில் யாரோ கொளுத்தும் சீனவெடி போதும்: கருகல் மணம், காதடைப்பு, கழுத்தில் வழியும் வியர்வை எல்லாம் இந்த நிமிடமே நடக்கும். கேட்டால் துண்டுதுண்டாகத்தான் வரும். நடுவில் ஒரு பகுதி விடுபட்டிருக்கும்.

2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மனவடு நோயுள்ள (கொடிய சம்பவத்தின் பின் வரும் உளநோய், PTSD) 28 பேருக்கு அவரவர் கதையையே ஒலிக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். உள்ளடக்கம் ஒத்த துயரக் கதைகள், நினைவுகளைக் கையாளும் மூளைப்பகுதியான ஹிப்போகம்பஸில் ஆளுக்காள் ஒத்த பாங்கை எழுப்பின. மனவடுக் கதைகளில் அந்த ஒற்றுமை இல்லை. சிறிய ஆய்வுதான், என்றாலும் தனிப்பெயர் வைக்க வலுவான காரணம்.

‘அதிர்ச்சி’யில் இன்னொரு வில்லங்கம்: குருதியமுக்கம் விழுந்து உயிர் ஆபத்தாகும் நிலைக்கும் அதே சொல். ஒரே கைந்நூலில் இரண்டும் வந்தால் தாதிமார் குழம்புவார்கள். ‘மனவடு’ இங்கே உளவளத்துணையாளர்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே ‘வடுநினைவு’.

---

தம்பி, கைந்நூல் விஷயம் சரி, ‘அதிர்ச்சி’யை விடுகிறேன். ஆனால் வடு என்பது ஆறிய புண்ணின் தழும்பு. நாங்கள் பேசுவது ஆறாததையல்லவா?

---

அக்கா, 129ஆம் குறளைப் பாருங்கள். தீயினாற் சுட்ட புண் உள்ளாறும். ஆறாமல் நிற்பது நாவினாற் சுட்ட வடுதான். சொல் இந்தப் பாரத்தைத் தாங்கும்.

நடந்தது இப்போதே நடப்பதுபோல் தானாக வரும் ‘ஃப்ளாஷ்பேக்’குக்கு மட்டும் ‘மீள்நினைவு’ வேண்டாம். வேண்டி நினைத்துப் பார்ப்பதையும் அப்படிச் சொல்லலாமே! ‘மீள்நிகழல்’ என்போம்.

---

இரண்டும் சரி. குறிப்பு ஒன்று கட்டாயம் சேருங்கள்: கொடிய சம்பவத்தின் நினைவெல்லாம் வடுநினைவாகாது. நிகழ்காலத்தில் கதைப்பதை வைத்தும் முடிவெடுக்கக்கூடாது. ‘நான் போறன், அவர் வாறார்’ என்று பழங்கதை சொல்வது எங்கள் பேச்சு வழக்கு. ஆளின் கவனம் இந்த அறையில்தான் இருக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.