'குரூஸ்' 24 வாரம் முதலிடம்: பாட்டு ஜெயித்ததா, கணக்கு ஜெயித்ததா?

பழையரேடியோ: ஃபுளோரிடா ஜார்ஜியா லைன் என்ற இருவர் குழு 2012-ல் வெளியிட்ட 'குரூஸ்', அமெரிக்க இசை இதழ் பில்போர்டின் ஹாட் கன்ட்ரி சாங்ஸ் பட்டியலில் (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட 'கன்ட்ரி' இசைக்கான பட்டியல்) 24 வாரம் முதலிடம். மறுக்கவில்லை. ஆனால் 2012 அக்டோபரில் பில்போர்ட் கணக்கையே மாற்றியது. அதுவரை கன்ட்ரி வானொலியில் ஒலிப்பதை மட்டும்தான் எண்ணினார்கள். அப்புறம் விற்பனை, ஸ்ட்ரீமிங், பாப் வானொலி எல்லாம் உள்ளே வந்தன. 2013-ல் ராப் பாடகர் நெல்லியைச் சேர்த்து ரீமிக்ஸ் விட்டார்கள். பாப் வானொலிகள் அதைப் போட்டுத் தேய்த்தன, வாரங்கள் கன்ட்ரி பட்டியலில் ஏறின. பக்கத்து வயல் நெல்லைத் தன் களத்தில் கொட்டி அளந்த கதை.

கிட்டார்குமார்: அண்ணா, முந்தைய சாதனை 21 வாரம். எடி ஆர்னால்ட், ஹாங்க் ஸ்நோ, வெப் பியர்ஸ் என்ற கன்ட்ரி பாடகர்கள் மூவருக்கும் 1940, 50களில் கிடைத்தது. அந்தக் கணக்கு மட்டும் சுத்தமா? காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளின் எண்ணிக்கையெல்லாம் தனிப் பட்டியலாக ஓடிய காலம் அது. ரீமிக்ஸ் வருவதற்கு முன்பே, 2012 டிசம்பரில், வானொலியை மட்டும் எண்ணும் கன்ட்ரி ஏர்ப்ளே பட்டியலில் 'குரூஸ்' 3 வாரம் முதலிடத்தில் இருந்தது. வைரச் சான்றிதழ் வாங்கிய முதல் கன்ட்ரி பாட்டும் இதுதான். விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து ஒரு கோடி யூனிட்!

பழையரேடியோ: நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. கன்ட்ரி வானொலி கொடுத்தது 3.

மல்லிப்பூ: இருவரும் வாரத்தையே எண்ணுகிறீர்கள். பாட்டில் என்ன இருக்கிறது? ஒரு பிக்கப் டிரக், பிகினி போட்ட ஒரு பெண். அவளுக்குப் பெயர்கூட இல்லை. இந்த வகைக்கு 'ப்ரோ-கன்ட்ரி' (பையன்களின் கன்ட்ரி) என்று 2013-ல் பெயர் வைத்தவர் விமர்சகர் ஜோடி ரோசன். மறு வருடமே மேடி அண்ட் டே என்ற இளம் பெண்கள், அவர்களும் இருவர் குழுதான், 'கேர்ள் இன் எ கன்ட்ரி சாங்' என்று முதல் பாட்டிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். வீடியோவில் ஆண்களுக்குக் குட்டை டவுசர் மாட்டி நிற்க வைத்தார்கள். அந்தக் காலக் கன்ட்ரி பாடகர்கள் கான்வே ட்விட்டியும் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் இப்படிப் பாடவில்லையே என்று குத்தலும் உண்டு.

கிட்டார்குமார்: அந்தப் பாட்டும் ஏர்ப்ளேயில் முதலிடம் வந்ததே. வானொலி கதவைச் சாத்தியிருந்தால் எப்படி வரும்?

மல்லிப்பூ: வந்தது. அவர்களுக்கு அடுத்த முதலிடம் எப்போது? 2020-ல். நடுவில் 2015-ல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், கன்ட்ரி வானொலி ஒரு சாலட் என்றால் ஆண் பாடகர்கள் கீரை, பெண்கள் தக்காளி என்றார். பெண்களின் பாட்டைக் குறையுங்கள் என்பது அவர் ஆலோசனை. குமார், நீங்கள் பாராட்டும் வானொலி இதுதான்.

பழையரேடியோ: தக்காளி விஷயம் ஞாபகம் இருக்கிறது. பெரிய ரகளை. ஆனால் என் பேச்சு கணக்கைப் பற்றி. அதே ஃபுளோரிடா ஜார்ஜியா லைன், பெபி ரெக்சாவுடன் பாடிய 'மென்ட் டு பி' ஹாட் கன்ட்ரி சாங்ஸ் பட்டியலில் 50 வாரம் முதலிடம். கிட்டத்தட்ட ஒரு வருடம்! அதுவும் பாப் வானொலி தூக்கிவிட்டது.

கிட்டார்குமார்: அதில் முதல் பெயரே பெண்ணுடையது. மல்லிப்பூவுக்கு இது போதாதா?

மல்லிப்பூ: அவர் பாப் பாடகி. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வானொலியில் வரிசையில் நின்றவர் இல்லை. பாப் வாசல் வழியாக வந்த பெண்ணுக்கு 50 வாரம், கன்ட்ரி வாசலில் நின்ற மேடிக்கும் டேக்கும் ஆறு வருடக் காத்திருப்பு. அண்ணா, உங்கள் கணக்கில் இதையும் சேருங்கள்.

பழையரேடியோ: சேர்க்கிறேன். 3 மட்டும் 3-தான்.