ஆர்எக்ஸ் 100 புகை விடுது, நிறுத்துறது எப்படி?

புதுவண்டி_சேலம்:
அண்ணன்களுக்கு வணக்கம். இதுவரைக்கும் 4 ஸ்ட்ரோக் வண்டிதான் ஓட்டியிருக்கேன். இப்போ செகண்ட்ஹேண்ட்ல 95 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 எடுத்திருக்கேன், இது 2 ஸ்ட்ரோக். காலையில உதைச்சா சைலன்சர்ல நீலப் புகை. என்ஜின் ஆயில் 20டபிள்யூ40 புதுசா மாத்தியும் நிக்கல. பிஸ்டன் ரிங் போச்சா? புகையே வராம பண்ண என்ன செலவாகும்?

ரீட்வால்வு:
ஒத்த பைசா செலவில்ல தம்பி. 2டி, அதான் 2 ஸ்ட்ரோக் ஆயில், ஊத்துறதை நிறுத்து, புகை நின்னுடும். கொஞ்ச தூரத்துல வண்டியும் நின்னுடும் 😄

சிரிக்கத்தான் சொன்னேன், செஞ்சுடாதே. நீ மாத்தின 20டபிள்யூ40 கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் மட்டும்தான். பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் பேரிங் மூணுக்கும் பெட்ரோலோட உள்ள போற 2டிதான் உயிர். அது எரிஞ்சு வெளிய வர்றதுதான் அந்த நீலம். என்ஜின் சூடானதும் மெலிசாயிடுச்சுன்னா வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. ஆர்எக்ஸ்ல புகை சுத்தமா நின்னாத்தான் பயப்படணும்.

கிக்கர்_கோவை:
அதேதான். முதல்ல ஆயில் பம்ப் இருக்கான்னு பாரு, தனி டேங்க்ல இருக்கற 2டியை என்ஜினுக்கு அனுப்பறது அதுதான். பழைய வண்டிகள்ல பலர் பம்பைக் கழட்டி வீசிட்டு பெட்ரோல்லயே 2டி கலந்து ஓட்டுவாங்க. அது தெரியாம நீ ஆயில் டேங்கை மட்டும் நிரப்பிட்டு வெறும் பெட்ரோல்ல போனா பிஸ்டன் சீஸ் ஆகிடும், அதாவது சிலிண்டருக்குள்ள இறுகி நின்னுடும்.

பம்ப்ல இருந்து இன்டேக்குக்கு, அதாவது பெட்ரோல் என்ஜினுக்குள்ள போற வழிக்கு, ஒரு மெல்லிய டியூப் போகும். அதுக்குள்ள ஆயில் நிறைஞ்சு நிக்கணும். காத்துக் குமிழ் தெரிஞ்சா பம்ப்ல இருக்கற, காத்தை வெளியேத்தற ப்ளீட் ஸ்க்ரூவைக் கழட்டி, குமிழ் இல்லாம ஆயில் வழியற வரைக்கும் விட்டு, வாஷரோட மூடு. ஆயில் டேங்க் ஒரு தடவை காலியானாலே இதைச் செஞ்சாகணும். ஆக்சிலேட்டர் முறுக்கறப்போ பம்ப் புல்லியும் கூடவே சுத்தணும். கேபிள் அறுந்திருந்தா வேகத்துல போறப்பவும் ஐடிலிங் அளவுக்குத்தான் ஆயில் வரும்.

இதெல்லாம் உறுதியாகற வரைக்கும் லிட்டருக்கு 20 மில்லி 2டி பெட்ரோல்லயும் கலந்துக்கோ. முதல்ல ஆயில், அதுக்கு மேல பெட்ரோல், அப்போ தானா கலந்துடும். புகை கொஞ்சம் கூடும், இருக்கட்டும்.

புதுவண்டி_சேலம்:
பம்ப் இருக்கு, குமிழும் இல்ல. ஆனா சூடான பிறகும் வெள்ளையா, கெட்டியா வருதுண்ணா. பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிக்கறாங்க.

ரீட்வால்வு:
கொசு மருந்து அடிக்க முனிசிபாலிட்டி வண்டி வருதுன்னு வழி விடச் சொல்லு 😄

கிராங்க்கேஸ்:
சூடான பிறகும் வெள்ளைன்னா வலது பக்க கிராங்க் சீல் மேலதான் முதல் சந்தேகம். கிராங்க் தண்டைச் சுத்தி ஆயிலும் காத்தும் புகாம அடைக்கற வளையம்தான் சீல். அது தேஞ்சா கிளட்ச் பக்கத்துல இருக்கற கியர் ஆயிலை, அதாவது நீ மாத்தின 20டபிள்யூ40ஐ, கிராங்க்கேஸ் (கிராங்க் சுத்தற அறை) உறிஞ்சி எரிச்சுடும். சோதிக்கறது லேசு: கியர்பாக்ஸுக்கு சுமார் 650 மில்லி அளந்து ஊத்து. சில நாள் ஓட்டிட்டு, சூடா இருக்கறப்போ முழுசா வடிச்சு மறுபடி அள. வெளிய ஒழுகலே இல்லாம 100, 150 மில்லி குறைஞ்சிருந்தா அது சைலன்சர் வழியா போயிருக்கு.

இடது பக்க, அதாவது கரண்ட் உண்டாக்கற மேக்னெட் பக்க சீல் போனா புகை வராது. அதனாலதான் அது இன்னும் ஆபத்து. காத்தை இழுத்து பெட்ரோல் கலவை மெலிஞ்சுடும், ஐடிலிங் ஏறி இறங்கும், ப்ளக் வெளுத்துப் போகும், கடைசியில சீஸ். என்ஜின்ல கை வைக்கறப்போ ரெண்டு சீலையும் சேர்த்தே மாத்திடு. மேக்னெட்டை புல்லர்ங்கற இழுத்துக் கழட்டற கருவி போட்டுத்தான் எடுக்கணும். சுத்தியால தட்டற மெக்கானிக்கா இருந்தா வண்டியைத் திருப்பிட்டு வந்துடு, கிராங்க் கோணிக்கும்.

கிக்கர்_கோவை:
சீல் மாத்தின பிறகும் கொஞ்ச நாள் புகை வரும், பதறாதே. சைலன்சர்ல ஊறிக் கிடக்கற ஆயில் எரிஞ்சு தீரணும். பின்முனையில இருக்கற சின்ன போல்ட்டைக் கழட்டி சத்தத்தைக் குறைக்கற உள்குழாயான பாஃபிளை உருவு, டீசல்ல ஒரு ராத்திரி ஊற வெச்சு கம்பி பிரஷ் போட்டு ஓட்டை எல்லாம் திறக்கற மாதிரி தேய். சத்தத்துக்கு ஆசைப்பட்டு பாஃபிள் இல்லாம ஓட்டாதே, கீழ் வேகத்துல இழுவை போயிடும்.