கடுகண்ணாவையில் நிற்கும் டீசல் எஞ்சின் பற்றிய தகவல் தேவை

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகத்தில் நிற்கும் பிரஷ் பாக்னல் நிறுவனத்தின் எம் 1 வகை டீசல் எஞ்சினின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த 25 எஞ்சின்களுள் ஒன்றான இதில், உள்ளே இருந்த 1,000 குதிரைவலு மிர்லீஸ் டீசல் இயந்திரம் மின்னாக்கியைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் இயங்கும் மோட்டார்களே சக்கரங்களை உருட்டின; ஒவ்வொரு போகியிலும் (எஞ்சினின் அடியிலுள்ள சக்கரச் சட்டத்தில்) நடு அச்சு பாரம் தாங்க மட்டுமே. இதே அச்சமைப்பு 1957இல் பிரித்தானிய ரயில்வேக்கு பிரஷ் நிறுவனம் கட்டிய எஞ்சின்களிலும் உண்டு (நம்மிடம் முதலில் ஓடியது என்பதில் எனக்குச் சிறு பெருமை).

மருதானையில் பணியாற்றிய என் அப்பப்பா இவற்றைப் பற்றி நிறையச் சொல்வார். வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. இவை 1956இல் தொடங்கிய யாழ்தேவி ரயிலை இழுத்ததைக் கண்டவர்கள், பழைய வண்ணப்பூச்சு தெரியும் படங்களோ பணிப்பதிவேடுகளோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இங்கே அறியத் தாருங்கள்.