தடுப்புப் பட்டியலில் சிக்கிய மின்னஞ்சல்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தணிக்கையாளர்:
வருமானவரித் தாக்கலின் கடைசி வாரத்தில், ஜூலை 28 அன்று, வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் அனுப்பிய மடல்கள் 550 (ஏற்க மறுப்பு) என்ற பிழையுடன் திரும்பி வரத் தொடங்கின. எங்களுடையது பலரும் பங்கிட்டுக்கொள்ளும் ஐபி, அதாவது மடல் புறப்படும் சர்வரின் இணைய முகவரி. எந்த ஐபியின் மடலைத் தடுக்கலாம் என்று பிற சர்வர்களுக்குச் சொல்லும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின், ஸ்பாம் (வேண்டாத மடல்) அனுப்பும் ஐபிகளுக்கான எஸ்பிஎல் பட்டியலில் தேடியபோது, அதே ஐபியிலிருந்து வேறு யாரோ அனுப்பிய மாத்திரை விளம்பரமே காரணம் என்று தெரிந்தது. எங்கள் மின்னஞ்சல் சேவை நிறுவனத்தின் உதவி மையமோ, "நீங்களே நீக்கக் கோரிக் கொள்ளலாம்" என்று ஒரே வரியில் பதில் எழுதியது. எஸ்பிஎல் பதிவை நீக்கக் கோர வேண்டியவர் அந்த ஐபிக்குப் பொறுப்பான நிறுவனத்தார்தான், வாடிக்கையாளர் அல்லர். அந்த ஒரு வரியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முன்னாள் உதவிமைய ஊழியன்:
ஐயா, அந்தப் பதில் தவறுதான். ஆனால் நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தவறு செய்தவரை வெளியேற்றாமல் நீக்கக் கோரினால், பதிவு திரும்ப வரும். சில நேரம் அந்த ஐபியோடு பக்கத்து ஐபிகளும் சேர்ந்தே பட்டியலில் ஏறும். அதனால் நாங்கள் முதலில் அந்தக் கணக்கை முடக்குவோம், பிறகு நல்ல வாடிக்கையாளர்களை வேறு ஐபிக்கு மாற்றுவோம், கடைசியில்தான் பட்டியலுக்கு எழுதுவோம். ஒரு பள்ளியின் தலைமையாசிரியை தொலைபேசியில், "நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குற்றவாளி யார் என்பது என் திரையில் திறந்தே இருந்தது; இன்னொரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை.

சொந்த சர்வர் நடத்துபவன்:
என் கதை தலைகீழ். தடுத்தவனே நான். பொது டிஎன்எஸ் (எல்லோரும் பயன்படுத்தும் இணைய முகவரித் தேடல் சேவை) வழியாகப் பட்டியலைக் கேட்டதால் ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்ற மறுப்புக் குறியீட்டை அனுப்ப, என் சர்வர் அதை "பட்டியலில் உள்ளது" என்று புரிந்துகொண்டு, ஓரிரவு முழுவதும் வந்த மடல்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆகவே எல்லோரும் முதலில் ஸ்பாம்ஹாஸ் தரும் குறியீட்டைப் பாருங்கள். 127.0.0.2 என்றால் எஸ்பிஎல். 127.0.0.4 என்றால் எக்ஸ்பிஎல், அதாவது உங்கள் கணினியிலேயே தீநிரல் புகுந்திருக்கக்கூடும். 127.0.0.10 என்றால் பிபிஎல். அது குற்றச்சாட்டே அன்று, வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக மடல் அனுப்பக் கூடாது என்ற விதி மட்டுமே. ஸ்பாம்ஹாஸ் நீக்கத்துக்குக் காசு வாங்குவதில்லை. விரைவு நீக்கத்துக்குக் கட்டணம் கேட்கும் பட்டியலுக்குப் பணம் கட்டுவதற்கு முன், பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் அதைப் பார்க்கின்றனவா என்று விசாரியுங்கள். தனி ஐபி வாங்கினால் எல்லாம் தீரும் என்று நம்ப வேண்டாம். மாதம் சில நூறு மடல் அனுப்புபவருக்கு அதில் நற்பெயர் சேரவே சேராது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் மூன்றையும் எதிர்பார்க்கின்றன. ஸ்பாம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது.

தணிக்கையாளர்:
அந்த மூன்றையும் முன்பே சரியாக வைத்திருந்தேன், நண்பரே. நான் அறிவுரை கேட்கவும் இல்லை. ஊழியர் நண்பர் சொன்ன வரிசை நியாயமானதே. ஆனால் முடக்கினோம், மாற்றுகிறோம், இரண்டு நாள் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகளை அச்சிட்டுக் கூரியரில் அனுப்பியிருப்பேன்.