முல்லைத்தீவுக்கு ரயிலில் வந்து பஸ் மாறுவது எப்படி?

கேள்வி: கொழும்பிலிருந்து ஒரு கிழமை நிற்க முல்லைத்தீவு வாறம். அம்மாவுக்கு முழங்கால் நோ, பஸ்ஸில் இரவிரவாக இருக்கேலாது. எங்கே இறங்கினால் சுகம்? வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கும் போகவேணும்.

பதில் 1: முல்லைத்தீவுக்கு ரயில் பாதை இல்லை. கிட்டின நிலையம் மாங்குளம். அங்கேயிருந்து ஏ34 வீதியால், ஒட்டுசுட்டான், முள்ளியவளை தாண்டி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். எல்லா ரயிலும் மாங்குளத்தில் நிற்காது. ரிக்கற் எடுக்கேக்கையே கேளுங்கோ. நிற்காத ரயில் என்றால் வவுனியாவில் இறங்கி பஸ் எடுங்கோ. ஏறமுதல் நடத்துனரிட்ட மாங்குளத்தாலோ நெடுங்கேணியாலோ எண்டு கேளுங்கோ. இரண்டும் ஒட்டுசுட்டானில்தான் சேரும், ஆனால் நெடுங்கேணி பஸ்ஸுக்கு மாங்குளத்தில் காத்திருந்தால் வராது!

பதில் 2: அம்மாவோட எண்டால் பகலில் வந்து சேருற ரயிலாப் பாருங்கோ. பொழுதுபட்டால் பஸ் குறைவு. ஒட்டுசுட்டான் பக்கம் யானை வீதிக்கு வரும், ஓட்டோக்காரரும் யோசிப்பினம். வற்றாப்பளைக்கு முள்ளியவளையில் இறங்கி ஓட்டோ பிடியுங்கோ. போக, வர, நிற்கிற நேரம் மூன்றுக்கும் சேர்த்து ஏறமுதலே காசு பேசுங்கோ. கோயிலின்ர வைகாசிப் பொங்கலுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிவராது, சனம் அள்ளுப்படும்.

பதில் 3: யாழ்ப்பாணத்தால் வாறவைக்கு பரந்தன், புதுக்குடியிருப்பு வழி ஏ35. அதில் வட்டுவாகல் பாலம் ஒடுக்கம். மாரியில் நந்திக்கடல் களப்பு நிரம்பினால் தண்ணி மேவும். அப்ப புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி சுத்தித்தான் வரவேணும்.