பாங்கிக்கு ஆற்றுவழிச் சரக்கு: பிப்ரவரியில் போகுமா?

கேள்வி: காங்கோ குடியரசின் பிரஸாவிலிலிருந்து மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கிக்கு பார்ஜில் (தட்டையான சரக்குப் படகு) சிமென்ட் அனுப்பணும். பிப்ரவரி சரிப்படுமா?

பதில் 1: வேண்டாங்க. பாங்கி வழியே ஓடும் உபாங்கி ஆறு நிரம்பி ஓடுவது அக்டோபர், நவம்பரில்தான். பிப்ரவரி, மார்ச்சில் மணல்திட்டுகள் தலைகாட்டும். பாரம் ஏற்றிய பார்ஜ் தரைதட்டினால் மழை வரும்வரை நகராது. 1,200 கி.மீ. எதிர்நீச்சல் வேறு. சிமென்ட் ஈரத்தில் கட்டியாகிவிடும், தார்ப்பாய் இரண்டடுக்கு போடுங்க.

பதில் 2: அவசரம்னா கேமரூனின் துவாலா துறைமுகத்திலிருந்து லாரி. சுமார் 1,400 கி.மீ., பெலோகோவில் எல்லைச் சுங்கம். காங்கோ குடியரசு, கேமரூன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு மூன்றிலும் அதே சிஎஃப்ஏ ஃபிராங்க் நாணயம்தான், மாற்றுச் செலவில்லை.

கேள்வி கேட்டவர்: பாங்கி தாண்டி, ஆற்றின் மேல்பக்கம் உள்ள மொபாயே ஊர் வரை பார்ஜ் போகுமா?

பதில் 1: பாங்கியிலேயே பாறை நிறைந்த விரைநீரோட்டம் குறுக்கிடும். பெரிய பார்ஜ் அங்கேயே நின்றுவிடும். இறக்கி லாரியில் ஏற்றணும். பாங்கியில் கிடங்கு முகவரியில் பிகே12 (பிகே என்றால் கிலோமீட்டர் குறி) என்றிருந்தால் நகர மையத்திலிருந்து 12 கி.மீ., இறக்குகூலியோடு அந்தத் தூரத்துக்கான லாரி வாடகையையும் சேர்த்துக்குங்க.