கணக்கு முடக்கப்பட்டதாக வந்த மின்னஞ்சலை நம்பலாமா?

எம்.சி. ரோடு கடைக்காரர்:
பழைய வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். சிங்கப்பூர், மலேசிய வாடிக்கையாளர்கள் இணையவழியாகப் பணம் அனுப்புவதற்கென, பேபால் (PayPal) என்ற இணையவழிப் பணப் பரிமாற்ற நிறுவனத்தில் ஒரு கணக்கும் உண்டு. அது முடக்கப்பட்டுவிட்டதாகவும், 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்க வேண்டும் என்றும் நேற்றிரவு ஒரு மின்னஞ்சல் வந்தது. இலச்சினையும் வண்ணமும் அசலைப் போலவே இருக்கின்றன. இணைப்பைத் தொட்டால் திறக்கும் பக்கத்தில் பூட்டுக் குறிகூட இருக்கிறது. இதை நம்பலாமா?

ராயபுரம் வாசி:
பூட்டுக் குறியை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் இடும் தகவலை வழியில் வேறொருவர் படிக்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறதே தவிர, எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதைச் சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் மோசடிக்காரருக்கும் இலவசமாகவே கிடைக்கும். அனுப்புநர் பெயரையும் விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்தப் பெயரைத் தொட்டு, அதன் பின்னால் உள்ள முகவரியைப் படியுங்கள். இணைப்பில், தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அஞ்சல் முகவரியில் ஊர் கடைசியில் வருவதைப் போலத்தான் இதுவும்: 'பேபால்.காம்.சரிபார்ப்பு.நெட்' என்றிருந்தால் அது பேபாலின் இடமல்ல, 'சரிபார்ப்பு.நெட்' வைத்திருப்பவரின் இடம்.

காசிமேடு:
முகவரி சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது, ஐயா. பணம் கேட்டுப் பட்டியல் (இன்வாய்ஸ்) அனுப்ப பேபால் தரும் வசதியையே பயன்படுத்தி, அந்நிறுவனத்தின் உண்மையான முகவரியிலிருந்தே போலிப் பட்டியல் வந்து சேரும்படி செய்து, குறிப்புப் பகுதியில் தங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவைப்பவர்களும் இருக்கிறார்கள். பயந்துபோய் அந்த எண்ணை அழைப்பவரிடம்தான் அவர்கள் வேலையைக் காட்டுவார்கள். மின்னஞ்சலை மூடிவிட்டுச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். முடக்கம் உண்மையானால் அங்கேயும் தெரியும்.

எம்.சி. ரோடு கடைக்காரர்:
செயலியில் முடக்கம் எதுவும் இல்லை. ஆனால், கடையில் கணக்கு எழுதும் தம்பி, இன்று காலை அதே இணைப்பில் கடவுச்சொல்லை இட்டுவிட்டதாக இப்போதுதான் சொல்கிறார்.

ராயபுரம் வாசி:
தம்பியைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். செயலி வழியாகவே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, இருநிலைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறையை) இயக்குங்கள். மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல் என்றால், மற்றக் கணக்குகளை மீட்கும் வழி அதன் மூலமாகவே செல்வதால், முதலில் அதை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.